அம்மாவுக்கு ஒரு துணை: கேஸ்ட்னரின் பிள்ளைகளும் நம் பிள்ளைகளும்

(இணையவழி இலக்கியச் சந்திப்பில் நேரலையாக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 சிலருக்கு இது காலைக் காப்பி நேரம், சிலருக்குப் படுக்கப் போகும் நேரம். இருந்தும் வந்திருக்கிறீர்கள், நன்றி.

நான் ஜெர்மனியில் வசிப்பவள் என்பதால் இந்த நாட்டின் எழுத்தாளர் ஒருவரைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எரிஷ் கேஸ்ட்னரை எடுத்துக்கொண்டேன். 1899-இல் டிரெஸ்டனில் பிறந்து 1974-இல் மூனிக்கில் மறைந்தவர். கவிஞர், நாவலாசிரியர், பத்திரிகையாளர். ஆனால் உலகம் அவரைச் சிறுவர் கதைகளுக்காகத்தான் நினைவில் வைத்திருக்கிறது. அவருடைய எல்லாப் புத்தகங்களையும் பற்றிப் பேசப் போவதில்லை. ஒரே ஒரு கேள்வியோடு அவரிடம் போகலாம் என்று நினைக்கிறேன். தனித்து வாழும் ஒரு அம்மாவுக்கு மறுபடியும் ஒரு துணை அமைய வேண்டும் என்று அவளுடைய பிள்ளை ஆசைப்படலாமா? ஆசைப்பட்டால், அந்தப் பிள்ளையின் தலையில் என்னென்ன வந்து விழும்?

உங்களில் பலர் கேஸ்ட்னரைப் படித்திருக்க மாட்டீர்கள். ஆனால் அவருடைய ஒரு கதையைக் கண்டிப்பாகப் பார்த்திருப்பீர்கள். 1965-இல் வந்த 'குழந்தையும் தெய்வமும்'. ஏவி.எம். தயாரிப்பு, கிருஷ்ணன்-பஞ்சு இயக்கம், ஜெய்சங்கர், ஜமுனா, இரட்டை வேடத்தில் குட்டி பத்மினி. அந்தப் படத்துக்கு மூலம் 1961-இல் டிஸ்னி எடுத்த 'தி பேரன்ட் டிராப்'. டிஸ்னி படத்துக்கு மூலம் கேஸ்ட்னர் 1949-இல் வெளியிட்ட 'தாஸ் தொப்பெல்டெ லோட்ஷென்', அதாவது 'இரட்டை லோட்டே'. மூனிக்கில் புறப்பட்ட கதை ஹாலிவுட் வழியாகக் கோடம்பாக்கம் வந்து, அங்கிருந்து தெலுங்குக்கும், 'தோ கலியான்' என்ற பெயரில் இந்திக்கும் போனது.

மூலக்கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வியன்னாவிலிருந்து வந்த லூயிசே, மூனிக்கிலிருந்து வந்த லோட்டே என்ற இரண்டு சிறுமிகள் கோடை விடுமுறை இல்லம் ஒன்றில் சந்திக்கிறார்கள். அச்சில் வார்த்ததுபோல ஒரே முகம். அவர்கள் இரட்டையர்கள் என்பதும், மணமுறிவின்போது பெற்றோர் ஆளுக்கொரு குழந்தையாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள் என்பதும் அவர்களுக்கே பிறகுதான் தெரிகிறது. அம்மாவின் பெயர் லூயிசெலோட்டே. அந்தப் பெயரைக்கூட இரண்டாக உடைத்து ஆளுக்குப் பாதியாக வைத்திருக்கிறார்கள். சிறுமிகள் இடம் மாறி, இவள் அம்மாவிடமும் அவள் அப்பாவிடமும் போகிறார்கள். அப்பா இசை நடத்துநர். வேறொரு பெண் அவரை மணக்கத் திட்டமிட்டிருக்கிறாள். முடிவில் பிள்ளைகள் பிறந்தநாள் பரிசாகக் கேட்பது, இனிப் பிரியாமல் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதைத்தான். பெற்றோர் மறுபடி மணந்துகொள்கிறார்கள்.

இன்று படித்தால் இனிப்பாகத் தெரியும். 1949-இல் அப்படி இல்லை. போர் முடிந்திருந்த நேரம். முகாம்களிலிருந்து திரும்பிய கணவர்களும், அவர்கள் இல்லாமலே குடும்பத்தை நடத்திப் பழகிய மனைவிகளும் ஒருவரையொருவர் அடையாளம் காண முடியாமல் திணறிய காலம். மணமுறிவுகள் பெருகியிருந்தன. இருந்தும் சிறுவர் புத்தகத்தில் அந்தச் சொல் வரக்கூடாது என்று பெரியவர்கள் நினைத்தார்கள். கேஸ்ட்னர் கதையை நடுவில் நிறுத்திவிட்டு அவர்களுக்குப் பதில் சொல்கிறார். ஹாலிவுட்டின் குழந்தை நட்சத்திரம் ஷெர்லி டெம்பிளைக் குறிப்பிடுகிறார். அந்தச் சிறுமி நடித்த படங்களைத் திரையரங்கில் போய்ப் பார்க்க அவளுக்கே வயது போதாது. நடிக்க அனுமதி உண்டு, பார்க்க இல்லை. மணமுறிவும் அப்படித்தான் என்கிறார். அதன் வலியை அனுபவிக்கக் குழந்தைகளுக்கு வயது போதும், அதைப் பற்றிப் படிக்க மட்டும் போதாதா என்பது அவருடைய வாதம்.

அதே 1949-இல்தான் சென்னை மாகாணத்தில் இந்துக்களுக்கான இருதார மணத் தடை மற்றும் மணமுறிவுச் சட்டம் வந்தது. 1955-இல் இந்து திருமணச் சட்டம் நாடு முழுவதற்கும் அந்த உரிமையைக் கொண்டுவந்தது. 'குழந்தையும் தெய்வமும்' வெளியானபோது அதற்கும் பத்து வயது. ஆனால் படத்தைப் பாருங்கள். தம்பதி பிரிவதற்குக் காரணம் பெண்ணின் தாயுடைய பணத்திமிர். கணவனும் மனைவியும் உள்ளுக்குள் நல்லவர்கள்தான், மூன்றாவது ஆள் கெடுத்துவிட்டார், அந்தத் திமிர் அடங்கினால் குடும்பம் கூடிவிடும். மணமுறிவுக்குச் சட்டத்தில் இடம் வந்துவிட்டது, கதையில் வரவில்லை.

கேஸ்ட்னரிலும் தமிழ்ப் படத்திலும் பொதுவான விஷயம் ஒன்று உண்டு. பிள்ளைகளுக்கு அனுமதிக்கப்படும் ஒரே ஆசை, உடைந்த வீடு பழையபடி ஒட்ட வேண்டும் என்பது. இன்னொன்றையும் கவனியுங்கள். கேஸ்ட்னரில் அப்பாவைத் தேடி ஒரு பெண் வருகிறாள்; விரட்டப்பட வேண்டியவளாக வருகிறாள். அம்மாவைத் தேடி யாருமே வருவதில்லை. அவள் பத்திரிகை அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள், மாலையில் களைத்துத் திரும்புகிறாள், சின்ன லோட்டே கடைக்குப் போய்ச் சமையலும் செய்து வைக்கிறாள். அந்த அம்மா ஓர் ஆணை விரும்பக்கூடும் என்ற எண்ணம் கதையில் யாருக்கும் வரவில்லை, அவள் பெற்ற பிள்ளைகளுக்கும் வரவில்லை.

இதை நான் சும்மா கண்டுபிடிக்கவில்லை. என்னைக் கவனிக்க வைத்தவள் ஒரு மாணவி. சனிக்கிழமைகளில் நான் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகளில் பெரும்பாலோர் ஈழத்துக் குடும்பங்கள், இங்கேயே பிறந்தவர்கள். ஒருநாள் இந்த ஜெர்மன் கதை தமிழ்ப் படமான வரலாற்றைச் சொன்னேன். வகுப்பு முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி பின்தங்கி நின்றாள்.

"ரீச்சர், எங்கட அப்பாவும் அம்மாவும் திரும்பச் சேர வேணும் எண்டு எனக்கு விருப்பம் இல்லை. ஆனா அம்மாவுக்கு ஆராவது வந்தா நல்லா இருக்கும் எண்டு நினைக்கிறன். அப்பிடிக் கதை ஏதும் இருக்கோ?"

ஏன் அப்படி நினைக்கிறாய் என்று கேட்டேன். "நான் படிக்கப் போயிட்டா அம்மா தனிய இருந்து சாப்பிடுவா" என்றாள். உடனே, "அம்மாட்டச் சொல்லிப்போடாதேங்கோ" என்றும் சொன்னாள். அவளுடைய சம்மதத்தோடுதான் இந்தக் கேள்வியை இங்கே கொண்டுவந்திருக்கிறேன். அவளைப் பற்றி இதற்குமேல் சொல்ல மாட்டேன்.

அப்படிக் கதை இருக்கிறதா? தமிழில் தேடினால் முதலில் நினைவுக்கு வருவது 1990-இல் வந்த 'கேளடி கண்மணி', இயக்குநர் வஸந்தின் முதல் படம். மனைவியை இழந்த அப்பாவாக எஸ்.பி.பாலசுப்ரமணியம், அவர் விரும்பும் ஆசிரியையாக ராதிகா. சிறுமியாக இருக்கும்போது மகள் அந்தக் காதலை முறித்துவிடுகிறாள். வளர்ந்த பிறகு, தனக்குத் தீராத நோய் என்று தெரிந்ததும், அப்பா தனித்துப் போய்விடுவாரே என்று அதே ஆசிரியையைத் தேடிப் புறப்படுகிறாள். நல்ல படம். என் மாணவியின் ஆசைக்கு மிக அருகில் வருகிறது. ஆனால் அங்கே தேடுவது அப்பாவுக்காக. மகளுக்கு அந்த மனம் வருவதற்கு அவளை மரணத்தின் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்த வேண்டியிருக்கிறது. அம்மாவுக்காக, ஒரு சாதாரண நாளில், ஆரோக்கியமான ஒரு பெண் ஆசைப்படும் கதையை நம் சினிமா இவ்வளவு நினைவில் நிற்கும்படி சொன்னதில்லை.

கேஸ்ட்னர் அதைச் சொல்லியிருக்கிறார், 'இரட்டை லோட்டே'க்கும் முன்பே. அவருடைய மிகப் புகழ்பெற்ற புத்தகம் 1929-இல் வந்த 'எமிலும் துப்பறியும் சிறுவர்களும்'. எமிலின் அப்பா இல்லை. அம்மா வீட்டிலேயே பெண்களுக்குத் தலைமுடி கழுவி அலங்கரித்துப் பிழைக்கிறாள். பெர்லினிலிருக்கும் பாட்டியிடம் போகும்போது அவள் அவனிடம் கொடுத்தனுப்பும் 140 மார்க் ரயிலில் திருடுபோகிறது. எமில் போலீசிடம் போகவில்லை. காரணம், ஊரிலிருக்கும் ஒரு சிலைக்கு மூக்கில் சிவப்புப் பூசி மீசை வரைந்தவன் அவன். போலீஸ்காரர் யெஷ்கே தன்னைப் பார்த்துவிட்டார் என்ற பயம்.

இந்தக் கதைக்கு ஒரு தொடர்ச்சி உண்டு. 'எமிலும் மூன்று இரட்டையர்களும்', 1930-களின் நடுவில் வெளியானது. 1933 மே மாதம் பெர்லினில் நாஜிகள் எரித்த புத்தகங்களில் கேஸ்ட்னருடையவையும் இருந்தன. கூட்டத்தில் நின்று அவரே அதைப் பார்த்தார். அதன் பிறகு அவருடைய புதிய புத்தகங்கள் பெரும்பாலும் சுவிட்சர்லாந்திலிருந்துதான் வந்தன. அப்படிப்பட்ட நேரத்தில் எழுதப்பட்ட இந்தச் சிறுவர் கதை ஒரு மறுமணப் பேச்சோடு தொடங்குகிறது. அதே யெஷ்கே வீட்டுக்கு வந்து, உன் அம்மாவை மணந்துகொள்ள விரும்புகிறேன், உனக்குச் சம்மதமா என்று எமிலிடம் கேட்கிறார்.

எமில் இப்போது பதின்பருவத்தின் வாசலில் நிற்பவன். அம்மாவும் தானும் மட்டுமே என்று இருந்த வீடு. உள்ளே வலிக்கிறது. ஆனாலும் அம்மாவின் நன்மைக்காகச் சம்மதிக்கிறான். அம்மாவோ மகனோடு தனியாக இருப்பதையே விரும்புகிறாள். அவனுடைய எதிர்காலத்துக்காகச் சம்மதிக்கிறாள். இருவரும் மற்றவருக்காக விட்டுக்கொடுக்கிறார்கள், இருவரும் அதைச் சொல்வதில்லை. நம் வீடுகளில் தினமும் நடக்கும் நாடகம்தானே இது!

விடுமுறையில் பால்டிக் கடற்கரைக்குப் போன இடத்தில், பாட்டிதான் இந்த முடிச்சைப் பேரனுக்குக் காட்டுகிறாள். அம்மாவின் மனம் தெரிந்ததும் எமிலுக்கு ஒரே மகிழ்ச்சி. அப்படியானால் கல்யாணமே வேண்டாமே! பாட்டி அவனை முன்னோக்கிப் பார்க்கச் சொல்கிறாள். சில ஆண்டுகளில் நீ வேலைக்கென்று, படிப்பென்று போய்விடுவாய். போகத்தான் வேண்டும். அன்றைக்கு அம்மா யாரோடு இருப்பாள்? என் மாணவி நாற்காலி அடுக்கும்போது சொன்னதும் இதுதான். எண்பது தொண்ணூறு ஆண்டுகளுக்கு முந்தைய பாட்டியின் கணக்கை அவள் தானாகவே போட்டிருக்கிறாள்.

என்னை யோசிக்க வைத்த வேறுபாடும் இங்கேதான் இருக்கிறது. எமிலிடம் பாட்டி கேட்பது மிகச் சிறிய உதவி. நீ மாப்பிள்ளை தேட வேண்டாம், அம்மாவைச் சம்மதிக்க வைக்க வேண்டாம், வழியை மறித்துக்கொண்டு நிற்காமல் இருந்தால் போதும். யோசித்தது பாட்டி, பெண் கேட்டது யெஷ்கே, முடிவு அம்மாவுடையது. லோட்டேயும் லூயிசேயும் அப்படியல்ல. ஒன்பது வயதில் இரண்டு நகரங்களுக்கிடையில் ஆள் மாறாட்டம் செய்து, ஒரு கல்யாணத்தையே நடத்திவைக்கிறார்கள். அந்தச் சுமையில் லோட்டே காய்ச்சலில் விழுகிறாள். கதை அதை வெற்றியாகக் கொண்டாடுகிறது. எனக்கு எமிலின் கதைதான் உண்மைக்குப் பக்கத்தில் இருப்பதாகத் தோன்றுகிறது.

கேஸ்ட்னருக்கு இது புத்தகத்தில் கற்ற பாடம் அல்ல. அவருடைய அம்மா ஈடாவும் தலைமுடி அலங்காரம் செய்து சம்பாதித்தவர்தான். ஒரே மகன். கணவரோடு ஒட்டாத வாழ்க்கை. அன்பு முழுவதும் மகன்மேல். 1957-இல் வெளியான 'நான் சிறுவனாக இருந்தபோது' என்ற நினைவுநூலில் கேஸ்ட்னர் எழுதுகிறார். சில நாட்களில் பள்ளிவிட்டு வரும்போது சமையலறை மேசைமேல் அம்மாவின் சீட்டு கிடக்கும், விடைபெறுவதுபோல. சிறுவன் அழுதுகொண்டே எல்பே நதிப் பாலங்களுக்கு ஓடுவான். பாலத்தில் அசையாமல் நின்று நீரைப் பார்த்துக்கொண்டிருக்கும் அம்மாவைக் கண்டுபிடித்து வீட்டுக்கு அழைத்து வருவான். அம்மா உயிரோடும் மகிழ்ச்சியாகவும் இருக்க வேண்டியது தன் பொறுப்பு என்று நம்பி வளர்ந்தவர் அவர். அப்படி வளர்ந்தவர், தன் கதையில் அந்தப் பொறுப்பைச் சிறுவனின் தோளிலிருந்து இறக்கி ஒரு பாட்டியிடம் கொடுக்கிறார். அதனால்தான் அந்தக் கடற்கரைப் பேச்சு இவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இனி நம் காலத்துக்கு வருவோம். இன்றைய ஜெர்மனியில் இருக்கும் ஒரு தமிழ்ப் பெண்பிள்ளைக்கு இந்த ஆசை என்னென்ன பொருள் தரும்?

முதலில் சட்டம். 1977 ஜூலை வரை இங்கே மணமுறிவு வழக்கில் குற்றம் யாருடையது என்ற விசாரணைதான் முக்கியம். அதன் பிறகு, உறவு முறிந்துவிட்டதா என்பது மட்டுமே கேள்வி. ஓராண்டு பிரிந்து வாழ்ந்து இருவரும் ஒப்புக்கொண்டால் போதும். மூன்றாண்டுகள் பிரிந்திருந்தால் ஒருவர் மறுத்தாலும் முறிந்ததாகவே கொள்ளப்படும். 1998 முதல், மணமுறிவுக்குப் பிறகும் குழந்தையின் பொறுப்பு பொதுவாக இருவரிடமும் தொடர்கிறது. ஆகவே லோட்டேயையும் லூயிசேயையும்போல ஒருவர் இருப்பதே மற்றவருக்குத் தெரியாமல் வளர்ப்பது இன்று எளிதல்ல. மறுமணத்துக்கு அம்மா யாரிடமும், பிள்ளையிடமும்கூட, சம்மதம் வாங்கத் தேவையில்லை. ஆனால் புதுக் கணவர் பிள்ளையைத் தத்தெடுக்க விரும்பினால், பதினான்கு வயதாகிவிட்ட பிள்ளையின் சம்மதம் இல்லாமல் முடியாது. அம்மாவின் வாழ்க்கை அம்மாவுடையது, தனக்கு யார் தந்தை என்பதில் பிள்ளைக்கும் குரல் உண்டு. இந்த இரண்டையும் பிரித்து வைத்திருப்பது நல்ல ஏற்பாடு.

சட்டத்தில் ஒரு முள்ளும் இருக்கிறது. அப்பா பராமரிப்புத் தொகை தராதபோது அரசு தரும் முன்பணத்துக்கு உன்டர்ஹால்ட்ஸ்ஃபோர்ஷுஸ் என்று பெயர். 2017 ஜூலை முதல், பன்னிரண்டு வயதுக்குமேல் சில நிபந்தனைகளோடு, பதினெட்டு வயது வரை அது கிடைக்கிறது. ஆனால் அம்மா மறுமணம் செய்தால் அது நின்றுவிடும், புதுக் கணவர் அந்தப் பிள்ளைக்கு எந்த உறவும் இல்லாதவராக இருந்தாலும். அப்பாவிடம் பிள்ளைக்குள்ள உரிமை அப்படியேதான் இருக்கும். ஆனால் கைக்கு வந்துகொண்டிருந்த மாதப் பணம் போய்விடும். மாதக் கடைசியை எண்ணி வாழும் வீட்டில் இது சிறிய விஷயமல்ல. அம்மாவுக்குத் துணை வேண்டும் என்று ஆசைப்படும் மகள், இதையும் கேட்டுத்தான் வளர்கிறாள்.

அடுத்தது மொழி. ஜெர்மனில் தனியாகப் பிள்ளை வளர்ப்பவரை 'அலைன்எர்ட்சீயெண்ட்' என்பார்கள். தனித்து வளர்ப்பவர் என்று பொருள். அவர் செய்யும் வேலையைச் சொல்லும் சொல். நம் ஊரில் கணவனைப் பிரிந்தவளுக்கு என்ன சொல் வைத்திருந்தோம்? வாழாவெட்டி. வாழவே இல்லையாம்! பிள்ளை வளர்க்கிறாள், வேலைக்குப் போகிறாள், வாடகை கட்டுகிறாள், ஆனால் வாழவில்லை. அந்தச் சொல்லை இந்தப் பிள்ளைகள் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் கோயில் திருவிழாவிலும் பூப்புனித நீராட்டு விழாவிலும் அந்தச் சொல்லுக்குரிய பார்வையைக் கண்டிருக்கிறார்கள். "அம்மாட்டச் சொல்லிப்போடாதேங்கோ" என்பதில் இருந்த பயம் அம்மாவைப் பற்றியது மட்டுமல்ல என்று எனக்குத் தோன்றுகிறது.

வரப்போகிறவரை என்னவென்று அழைப்பது என்பது இன்னொரு சிக்கல். மாற்றாந்தாய்க்கு நம்மிடம் கதைகள் உண்டு, சித்தி என்ற அழைப்பு உண்டு, அரசியல் மேடையில்கூட மாற்றாந்தாய் மனப்பான்மை உண்டு. அம்மாவின் புதுக் கணவருக்கு? மாற்றாந்தந்தை என்று அகராதியில் இருக்கலாம், கூப்பிட முடியாது. சில வீடுகளில் சித்தப்பா என்கிறார்கள். ஜெர்மன் பிள்ளைகள் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிடுவார்கள். பெரியவர்களைப் பெயர் சொல்லிப் பழகாத நம் பிள்ளைக்கு அது நாக்கில் வராது. பெயர் வைக்காத உறவு வீட்டுக்குள் எப்படி நுழையும்? அந்தச் சொல்லைக் கண்டுபிடிக்கும் வேலையும் கடைசியில் பிள்ளைகளிடம்தான் வந்து சேர்கிறது.

நமக்கு இந்த விஷயத்தில் மரபே இல்லை என்றும் சொல்ல முடியாது. எமிலின் முதல் கதை வந்த அதே 1929-இல், பிப்ரவரி மாதம், செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு கைம்பெண் மறுமணத்தையும், ஒத்துவராத திருமணத்திலிருந்து விலகும் உரிமையையும் ஆதரித்துத் தீர்மானம் போட்டது. தீர்மானம் போட்டவர்கள் பெண்ணின் உரிமையைப் பேசினார்கள். அவளோடு இருக்கும் பிள்ளை அதை எப்படி எதிர்கொள்ளும் என்பதைச் சொல்லும் வேலை கதைக்காரர்களுக்கு மிச்சமிருந்தது. அது இன்னும் பெரும்பாலும் மிச்சமாகவே இருக்கிறது.

அந்த மாணவிக்கு என்ன சொன்னேன் என்று கேட்பீர்கள். எமிலின் இரண்டாவது புத்தகத்தைக் கொடுத்தேன். உன் ஆசையில் ஒரு பிழையும் இல்லை, ஆனால் அதை நிறைவேற்றுவது உன் வேலை இல்லை என்றேன். அம்மாவுக்குத் தனியாக இருப்பதே பிடித்திருக்கலாம், அதுவும் ஒரு வாழ்க்கைதான் என்றும் சொன்னேன். அம்மா தனியாகச் சாப்பிடுவாள் என்பதற்காகப் பக்கத்து ஊர்ப் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்துவிடாதே என்று சொல்ல நினைத்தேன். அதை மட்டும் சொல்லவில்லை. அது அவளுடைய அம்மா சொல்ல வேண்டியது.

புலம்பெயர்ந்த நம் வீடுகளில் எமிலின் பாட்டிக்குரிய இடம் காலியாக இருக்கிறது. பாட்டி யாழ்ப்பாணத்திலோ திருச்சியிலோ இருக்கிறாள். வாரம் ஒருமுறை கைபேசித் திரையில் வருகிறாள். அந்தத் திரையில் இதைப் பேச முடியாது. அதனால் பாட்டி போட வேண்டிய கணக்கைப் பதினைந்து வயதுப் பேத்தி போடுகிறாள். அந்த இடத்தில் நாம்தான் போய் உட்கார வேண்டும். அக்காவாக, சித்தியாக, மாமாவாக, அம்மாவின் தோழியாக இங்கே இருக்கும் ஒவ்வொருவரும். தனித்திருக்கும் தங்கையிடம் பிள்ளையின் படிப்பைப் பற்றிக் கேட்கிறோம், வீட்டுக்கடனைப் பற்றிக் கேட்கிறோம். உனக்கு எப்படி இருக்கிறது, இப்படியே இருக்கப் பிடித்திருக்கிறதா என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? அவள் என்ன பதில் சொன்னாலும், அதைக் கேட்க ஒரு பெரியவர் இருக்கிறார் என்று தெரிந்தால் அந்த வீட்டுப் பிள்ளைக்குப் பாதி பாரம் குறையும்.

இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன். கேள்விகள் இருக்கும் என்று நினைக்கிறேன், பேசலாம்.